ஒன்பது வீட்டுத் திறப்புகள்

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போது எனக்குப் பத்து வயது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. ஆனாலும் கிழமையை நிச்சயமாகச் சொல்ல முடியும். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. சித்தி கால் முகம் கழுவிவிட்டு நேரே குசினிக்குப் போய், சட்டியைத் திறந்து பார்த்து, "கொழும்புக்கு வந்தும் பருப்புத்தானோ, அக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். வெள்ளியில் அவரும் சைவம்.

அவர் கொண்டுவந்தது ஒரு பயணப்பையும் ஒரு சிறிய துணிப்பையும். பயணப்பையைக் கட்டிலுக்குக் கீழே காலால் தள்ளினார். துணிப்பையை இரண்டு கைகளாலும் எடுத்து மேசைமேல் வைத்தார். வைக்கும்போது அது கிணுகிணுத்தது. உள்ளே ஒன்பது வீட்டுப் பூட்டுகளின் திறப்புகள் இருந்தன.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஒரே ஊர். வவுனியாவிலிருந்து உள்ளே போய், ஒரு குளக்கட்டோடு முடிகிற ஊர் அது. அங்கிருந்து கொழும்பில் அரசாங்க வேலைக்கு வந்த முதல் ஆள் அப்பா. வெள்ளவத்தையில், கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் மேல்மாடி வீடு எடுத்திருந்தார். அதன்பின் ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் எங்களிடம்தான் வருவார்கள். ரயில் விடியப்புறம் கோட்டை நிலையத்துக்கு வந்து சேரும். எட்டு மணிக்கு முன் எங்கள் படிகளில் புதிய செருப்புகள் கிடக்கும். வந்தவர்கள் ஒரு கிழமையோ மூன்று கிழமையோ தங்கி, பிறகு பாமன்கடையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறை பார்த்துப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் பாய்கள் பதினொன்று இருந்தன. நாங்கள் மூன்று பேர்.

சித்தி மட்டும் வரவில்லை. ஊரில் பாலர் வகுப்பு நடத்திக்கொண்டு, தாய் தகப்பன் இறந்துபோன வீட்டில் தனியாக இருந்தார். அவர் எங்கேயும் போகமாட்டார் என்பது ஊரறிந்த விஷயமாதலால், புறப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் வீட்டைப் பூட்டித் திறப்பை அவரிடம் கொடுத்தது. "உன்னட்டையே இருக்கட்டும், வந்து வாங்கிறம்" என்பார்களாம். வெள்ளிக்கிழமைகளில் சித்தி ஒவ்வொரு வீடாகத் திறந்து, முற்றம் கூட்டி, விளக்கேற்றி, கூரைமரத்தில் கறையான் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டுவார். ஒன்பது வீட்டுக்கும் காலை போய்விடும்.

அம்மாதான் கடிதம் எழுதிக் கூப்பிட்டவர். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு மொண்டிசோரி இருந்தது. அதை நடத்திய மிஸ், சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். மாதக் கடைசிவரை அந்த இடத்தை வைத்திருப்பதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சித்தியின் வகுப்பில் அப்போது மூன்று பிள்ளைகள்தான் மிஞ்சியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் இரட்டையர். சித்தி வர ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"திறப்பெல்லாத்தையும் உரிய ஆக்களிட்டக் குடுத்துப்போட்டுத்தான் மிஸ்ஸிட்ட ஓம் எண்டு சொல்லுவன், அக்கா. ஒரு வீட்டுத் திறப்பெண்டாலும் என்னட்ட இருந்தா நான் திரும்பிப் போகவேணும்."

"ஒன்பது திறப்புத்தானே," என்றார் அம்மா. "எல்லாரும் இஞ்சதானே இருக்கினம். ரெண்டு சனி ஞாயிறு காணும்."

எனக்கு சித்தி தங்கவேண்டும் என்று ஆசை. காரணம் மிகவும் எளிமையானது: அவர் என் அறையில் படுத்தார், இரவில் கடல் இரைவதைக் கேட்டுவிட்டு, "இது எப்ப நிப்பாட்டும்?" என்று கேட்டார். அப்படிக் கேட்ட முதல் பெரிய ஆள் அவர்தான்.

மறுநாள் அப்பா படிவத்தை எடுத்தார். வெளியூரிலிருந்து யார் வந்து தங்கினாலும் பொலிசுக்குப் பெயர் விவரம் எழுதிக் கொடுக்க வேண்டிய காலம் அது. சிங்களத்தில் அச்சிட்ட அந்தப் படிவத்தின் கடைசிக் கட்டம், வந்த காரணம்.

"வந்த காரணம்?" என்று அப்பா கேட்டார்.

"திறப்புக் குடுக்க வந்தனான்."

"அப்பிடியெல்லாம் எழுதேலாது. உனக்கு ஏதும் நோய், வருத்தமிருக்கோ?"

"இல்லை, அத்தான்."

"கொஞ்சம் யோசிச்சுப் பார்."

சித்தி யோசித்தார். "எப்பவாவது கடைவாய்ப் பல்லுக் குத்தும்."

"போதும்," என்று அப்பா 'வைத்தியம்' என்று எழுதினார். அப்பாவிடம் நான்கு காரணங்கள்தான் இருந்தன: வைத்தியம், கல்வி, தொழில், வெளிநாடு செல்லல். எங்கள் பதினொரு பாய்களிலும் படுத்தவர்கள் எல்லோரும் இந்த நான்குக்குள் அடங்கிவிட்டார்கள்.

இது எனக்குச் சரியாகப் படவில்லை. நானும் ஒரு கொப்பியை எடுத்து அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். இலக்கம், ஊரில் வீடு, கொழும்பு விலாசம், வந்த காரணம், திறப்பு ஒப்படைத்த திகதி. விலாசங்கள் எனக்குத் தெரியும்; எங்கள் வீட்டுக்கு வரும் அவர்களுடைய கடிதங்களில் புது விலாசம் எழுதி அனுப்புவது என் வேலைதான். காரணத்தை மட்டும் அந்தந்த ஆட்களிடமே கேட்டு எழுதுவதென்று தீர்மானித்தேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் திறப்புகள் இருந்த விதம் என் கண்ணை உறுத்தியது. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய சீலைத் துண்டு கட்டியிருந்தது. நாவல் நிறம், மஞ்சட் பூ, நைந்துபோன சிவப்பு. எண்ணெயும் அழுக்கும் ஏறி, புகை மணத்தது. எது எந்த வீடு என்று சித்தியிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பிறகு சப்பாத்துப் பெட்டியின் மட்டையை ஒரே அளவாக வெட்டி, ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கமிட்டு, வெள்ளை நூலால் கட்டினேன். துண்டுகளைக் கத்தரித்துக் குப்பைவாளியில் போட்டேன். சித்தி குளித்துவிட்டு வருவதற்குள் முனிசிபல் வண்டியும் வந்து போய்விட்டது.

சித்தி மேசையருகே கொஞ்ச நேரம் நின்றார். திறப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"துண்டுகள் எங்க, பிள்ளை?"

"ஊத்தையா இருந்தது, சித்தி. எறிஞ்சிட்டன்."

"வடிவாத்தான் இருக்கு," என்றார்.

சனிக்கிழமை பாமன்கடைக்கு நடந்தே போனோம். முதலாம் இலக்கம், புளியடி வீடு. அந்த அக்காவின் கணவருக்குச் சிறுநீரகத்தில் நோய்; கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில் இருந்தார்கள். அக்கா சித்தியைக் கட்டிப்பிடித்து, தேத்தண்ணி போட்டு, ஊர்ப் புதினம் எல்லாம் கேட்டார். புளி காய்த்ததா, மாடு யாரிடம், கூரை ஒழுகுகிறதா. சித்தி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, திறப்பை எடுத்து நீட்டினார்.

அக்கா கையை நீட்டவில்லை. திறப்பை மட்டும் பார்த்தார்.

"என்ர நாவல் சீலையில துண்டு கிழிச்சுக் கட்டியெல்லே தந்தனான்?"

சித்தி என்னைப் பார்த்தார். "பிள்ளை ஒழுங்குபடுத்திப்போட்டுது."

"அப்ப இது எங்கடதான் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

"ஒண்டு எண்டு போட்டிருக்கு, அக்கா," என்று நான் மட்டையைத் திருப்பிக் காட்டினேன். "கொப்பியில ஒண்டு எண்டா நீங்கள்தான்."

"கெட்டிக்காரி," என்று அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். நோகக் கிள்ளினார். "உன்னட்டையே இருக்கட்டும், தங்கச்சி. பங்குனி பிறக்க வருவம். அப்ப நேர பூட்டில போட்டுப் பாத்து எடுக்கிறன்."

அடுத்த நாள் தெமட்டகொடை. பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம், "நங்கி, கொஹாட்டத?" என்று கேட்டார். எங்கே போகிறோம் என்று நான் சிங்களத்தில் சொல்லி டிக்கெட் எடுத்தேன். சித்தி என்னைப் பெருமையாகப் பார்த்தார். அந்த ஒரு கணம் நாவல் சீலை எனக்கு மறந்துபோனது.

தெமட்டகொடையில் இருந்தவர் சங்கக்கடை வீட்டு மாமா. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். இங்கே ஒரு களஞ்சியத்தில் காவல் வேலை. அவர் வீடு ரயில் பாதைக்கு அருகில். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நான் கொப்பியை விரித்து, வந்த காரணம் கேட்டேன்.

"கடை மூடியாச்சு, பிள்ளை."

"ஏன் மூடினது?"

"சாமான் வாங்கச் சனமில்லை."

"சனம் ஏன் இல்லை?"

"எல்லாம் இஞ்சால வந்திட்டுது."

"அப்ப நீங்கள்?"

"நானும் வந்திட்டன்," என்று மாமா கையை விரித்தார். அவருக்கே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். வயிறு குலுங்கச் சிரித்தார். நான் 'கடை மூடியது' என்று எழுதினேன்.

திறப்பை அவர் வாங்கினார். பேனையின் மூடியைக் கழற்றினேன். மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இதில பல்லுத் தேஞ்சிருக்கு. எங்கடை புதுப் பூட்டெல்லே?"

"ஒவ்வொரு வெள்ளியும் திறக்கிறன், அண்ணை. தேயாதோ?" என்றார் சித்தி.

"இல்லை, இது வேற ஆற்றையோ வீட்டுத் திறப்பு. துண்டிருந்தாச் சொல்லியிருப்பன்." ஒரு ரயில் வந்தது. அது போய்முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம். "உன்னட்டையே இருக்கட்டும்," என்றார் மாமா.

இரண்டு வீடுகளிலும் துண்டைத்தான் கேட்டார்கள். துண்டை எறிந்தது நான். சித்தி திரும்பிப் போவாரென்றால் அது என்னால்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் பழந்துணி மூட்டையை அவிழ்த்து, பழைய சீலைகளில் ஒன்பது துண்டுகளை, இந்தத் தடவை அளவில்லாமல், கிழித்ததுபோலக் கோணலாக வெட்டினேன். அடுப்புக்கல்லில் தேய்த்துக் கொஞ்சம் கரியும் பூசினேன். மட்டையோடு சேர்த்துக் கட்டினேன். சித்தி பார்த்தார். திறப்புகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது சனி ஞாயிறில் ஆறு வீடுகள். கொட்டாஞ்சேனையில் மட்டும் நான்கு, எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்துபோகிற தூரம். அங்கே ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் கிணற்றடி வீட்டுக்காரர் ஏழு பேர் இருந்தார்கள். குளக்கட்டு உடைந்து, திருத்துவார் இல்லாமல், மூன்று போகம் விதைக்காமல் வந்தவர்கள். அந்த வீட்டு மச்சாள் திறப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தேத்தண்ணி குடித்து முடியும்வரை அது அவர் மடியில்தான் இருந்தது. விரலால் அதன் வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார். நாங்கள் எழும்பியபோது, மறந்துபோன குடையைக் கொடுப்பதுபோல அதைச் சித்தியின் பையில் போட்டுவிட்டார். நான் கட்டிய துண்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இது எனக்கு விளங்கவில்லை.

ஒன்பதாவது, ஹெந்தளை. மூன்றாவது சனிக்கிழமை, மாதம் முடிய நான்கு நாட்கள். பரியாரியார் வீட்டு மாமி வாய் பெருத்தவர் என்று அம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தார். பிள்ளைகளின் படிப்புக்காக வந்தவர். ஒரு பெரிய வீட்டின் பக்கவாட்டு அறையில், வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். திறப்பைக் கண்டதும் கையைத் துடைத்து, பச்சைத் துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆரடி இது கட்டினது? என்ர வாழ்க்கையில நான் பச்சை உடுத்தினதில்லை."

நான் அழத் தொடங்கினேன். எறிந்தது, வெட்டியது, கரி பூசியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். துண்டைப் பார்க்காமல் திறப்பை எடுக்கும்படியும், இல்லாவிட்டால் சித்தி போய்விடுவார் என்றும் சொன்னேன்.

மாமி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, என்னிடம் அல்ல, சித்தியிடம் பேசினார்.

"எடுத்து நான் எங்க வைக்க? இஞ்ச இருக்கிற பூட்டெல்லாம் வீட்டுக்காரன்ர. நீ அங்க இருக்கிறாய் எண்டுதான் நாங்கள் இஞ்ச நித்திரை கொள்ளுறம்."

"எனக்கும் இஞ்ச ஒரு வேலை இருக்கு, அக்கா," என்றார் சித்தி. மெதுவாகத்தான் சொன்னார்.

"இருக்கட்டுமன். நல்ல விஷயந்தானே," என்று மாமி மறுபடி மீனை எடுத்தார். செதிலைச் சீவிக்கொண்டே, "முற்றத்து முருங்கையை வெட்டிப்போடாத, என்ன?" என்றார்.

பஸ்ஸில் சித்தி ஜன்னலோரம் இருந்தார். "கொப்பியில எத்தினை, பிள்ளை?"

"ஒன்பதில ஒண்டுமில்லை, சித்தி."

அன்று பின்னேரமே மிஸ்ஸிடம் போய்த் தன்னால் முடியாதென்று சொல்லிவிட்டு வந்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருவர்கூடவா எடுக்கவில்லை, என்ன மனிதர்கள் இவர்கள், எங்கள் பாயில் படுத்து எழும்பிப் போனவர்கள், நானே போய்க் கேட்கிறேன் என்று சீலையை மாற்றப் போனார்.

"அவையில பிழையில்லை, அக்கா," என்றார் சித்தி. "துண்டுகள் இல்லாததால ஆருக்கும் அடையாளம் தெரியேல்லை."

அம்மா என்னைப் பார்த்தார். "உன்ர ஒழுங்கு!" என்று மட்டும் சொன்னார். பிறகு என் காதைப் பிடித்தார். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி பயணப்பையைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது குடும்பங்களின் மானமும் ஒரு சிறுமியின் காதும் தராசில் வைக்கப்பட்டபோது சித்தி எடுத்த முடிவு அது. சரியான முடிவு என்றுதான் இன்று நினைக்கிறேன். ஆனால் அடுத்த பல வருடங்கள், சித்தியின் வேலையைக் கெடுத்தவள் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வளர்ந்தபின் ஒருநாள் அவரிடமே மன்னிப்புக் கேட்டேன். "துண்டு இருந்தாப்போல எடுத்திருப்பினமோ, விசரி?" என்றார். சொல்லிவிட்டு, தேங்காய் துருவுவதைத் தொடர்ந்தார்.

அது பிறகு நடந்தது. அப்போது அவர் ஒன்பது திறப்புகளோடும் ஊருக்கு ரயிலேறினார். நான் கட்டிய மட்டைகளும் கரி பூசிய துண்டுகளும் அப்படியே இருந்தன. பங்குனி பிறந்தது, புளியடி வீட்டு அக்கா போகவில்லை. மற்றவர்களும் போனதாக நான் கேள்விப்படவில்லை.

ஏழு மாதம் கழித்துச் சித்தி மறுபடி வந்தார். அது ஒரு வியாழக்கிழமை. வீட்டில் மீன் குழம்பு இருந்தது. சித்தி குசினிக்குள் போகவில்லை. சட்டியைத் திறந்து பார்க்கவில்லை. மேசையருகே இருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். இரட்டையர்களையும் பெற்றோர் வவுனியாவுக்குக் கொண்டுபோய்விட்டதாக அம்மாவிடம் சொன்னார். மிஞ்சிய ஒரு பிள்ளையை வைத்து ஒரு மாதம் வகுப்பு நடத்தியதாகவும், "வட்டமா நிண்டு பாட ஆளில்லை, அக்கா" என்றும் சொன்னார். மொண்டிசோரியில் அதற்குள் வேறொருவர் வந்துவிட்டிருந்தார். சித்தி பிற்பாடு ஒரு தையல் கடையில் பொத்தான் வைக்கும் வேலைக்குப் போனார்.

அப்பா படிவத்தை எடுத்தார். இந்தத் தடவை அவர் எதையும் கேட்கவில்லை. தானாகவே 'வைத்தியம்' என்று எழுதினார்.

துணிப்பை மேசைமேல் இருந்தது. என் மட்டைகள் கட்டிய ஒன்பது திறப்புகள். அவற்றோடு மட்டையில்லாத இன்னொன்று. அதில் சித்தி வழமையாக உடுக்கும் சாம்பல் நிறச் சீலையின் துண்டொன்று புதிதாகக் கட்டியிருந்தது.

"இதுக்கும் நம்பர் போடு," என்றார் சித்தி.

நான் ஓடிப்போய்க் கொப்பியைக் கொண்டுவந்தேன். அடிமட்டம் வைத்து ஒரு கோடு கூடுதலாகப் போட்டேன். பத்து. ஊரில் வீடு என்ற இடத்தில் 'சித்தி வீடு' என்று எழுதினேன். கொழும்பு விலாசத்துக்கு எங்கள் விலாசத்தை எழுதினேன்.

"இதை ஆரிட்டக் குடுக்க வேணும், சித்தி?"

அவர் திறப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார்.

"உன்னட்டையே இருக்கட்டும்."

நான் பூரித்துப்போனேன். அத்தனை நடந்தபின்னும் என் ஒழுங்கைச் சித்தி நம்புகிறார் என்று நினைத்தேன். அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஊரில் ஒன்பது பேர் அவரிடம் திறப்பைக் கொடுத்தார்கள் என்பதோ, 'வந்து வாங்கிறம்' என்ற பாதியை அவர் சொல்லவில்லை என்பதோ என் நினைவுக்கு வரவில்லை. இந்தத் தடவை மட்டையைக் கட்டும்போது துண்டைக் கவனமாக அப்படியே விட்டேன். கொப்பியை மூடுமுன் ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தேன். ஒன்பதோடு முடிந்திருந்தது எனக்கு முன்பே பிடிக்கவில்லை. பத்து என்பது முழு எண். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.